நான்கு பக்கங்கள் போதா

கடந்த சில நாள்களாக முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. நாற்கரத்தின் நான்கு பக்க அளவுகளைக் கொடுத்தால் அதன் பரப்பளவைச் சொல்லும் சூத்திரத்தைப் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே தந்துவிட்டார், எந்த நாற்கரமாயினும் அது பொருந்தும், இதை நம் பாடநூல்கள் மறைத்துவிட்டன என்பது அப்பதிவின் சாரம். அதன் கீழே நான் இரண்டு வரி எழுதினேன்: "எந்த நாற்கரத்திற்கும் பொருந்தாது. நான்கு பக்கங்களை மட்டும் கொண்டு பரப்பைச் சொல்லவே முடியாது." ஒரு மணி நேரத்தில் நான் காலனிய அடிமை ஆனேன். மறுபக்கத்தில் சிலர் எனக்கு ஆதரவாக வந்து, "பழைய சுவடியில் கணக்கு எங்கே இருக்கிறது, எல்லாம் புராணம்தான்" என்று சிரித்தார்கள். அந்த ஆதரவு எனக்கு முதல் வசையைவிட அதிகமாக வலித்தது.

இரு தரப்பாரும் அந்த நூல்களைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு தரப்பு இவ்வளவு பெருமைப்பட்டிருக்காது. மறுதரப்பு இவ்வளவு எள்ளியிருக்காது. நான் கணித மாணவன் அல்லன், மொழியியல் படித்தவன். எனினும் ஒரு சொல் எப்போது அடைமொழியை இழக்கிறது, இழந்தால் யாருக்கு லாபம் என்று பார்ப்பது என் துறையின் வேலைதான். இங்கே நடந்திருப்பது அதுவே. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் பிரம்மகுப்தர் உண்மையில் என்ன சொன்னார்? பிராம்மஸ்புட சித்தாந்தத்தின் பன்னிரண்டாம் அத்தியாயம் கணிதத்தைப் பற்றியது. அதன் 21-ஆம் சூத்திரத்தில் அவர் ஒன்றல்ல, இரண்டு வழிகளைத் தருகிறார். முதல் வழி: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்குவது. இதற்கு அவர் இட்ட அடைமொழி 'ஸ்தூல', அதாவது பருமட்டானது. இரண்டாம் வழி: நான்கு பக்கங்களின் கூட்டலில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, கிடைக்கும் நான்கு எண்களையும் பெருக்கி, வர்க்கமூலம் காண்பது. இதற்கு அவர் இட்ட அடைமொழி 'சூக்ஷ்ம', அதாவது நுட்பமானது. பருமட்டான விடையையும் நுட்பமான விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று பெயரிட்டுச் சொன்ன அந்த நேர்மைதான் அச்சூத்திரத்தில் நான் வணங்கும் பகுதி.

இரண்டாம் வழியும் எல்லா நாற்கரங்களுக்கும் பொருந்தாது. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமரும் நாற்கரத்துக்கு, அதாவது நம் பாடநூல் வட்ட நாற்கரம் என்று அழைக்கும் வடிவத்துக்கு மட்டுமே அது சரியான விடை தரும். அந்த நிபந்தனை சூத்திரத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அண்டைச் சூத்திரங்களைக் கொண்டு, அவர் மனத்தில் இருந்தது வட்ட நாற்கரமே என்று வாதிடுவோர் உண்டு, அவ்வாதம் வலுவானதே. ஆனால் பின்வந்தோர் பலர் நிபந்தனையின்றியே அதைக் கையாண்டனர்.

அதை எதிர்த்துக் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரர் அல்லர். இரண்டாம் பாஸ்கரர். 1150-ஐ ஒட்டி எழுதிய லீலாவதியில் அவர் எழுப்பிய மறுப்பு மிக எளிமையானது. நான்கு குச்சிகளை முனைகளில் கட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை உள்நோக்கி அழுத்தினால் ஒரு மூலைவிட்டம் குறுகும், மற்றது நீளும். பக்கங்கள் அப்படியே இருக்கும்; பரப்பு மாறிவிடும். அப்படியிருக்க, ஒரு மூலைவிட்டத்தையோ ஒரு செங்குத்துயரத்தையோ சொல்லாமல் பரப்பைக் கேட்பவன் எப்படிக் கேட்கிறான்? அவனைப் பாஸ்கரர் பிசாசு என்று திட்டுகிறார். கேட்டவனை மட்டுமா? விடை சொல்ல முனைபவனையும் சேர்த்தே திட்டுகிறார்.

அவர் காட்டும் எடுத்துக்காட்டையே போட்டுப் பார்ப்போம். நான்கு பக்கமும் 25 அலகு. சுற்றளவு 100. மூலைவிட்டங்கள் 30, 40 என்றால் அது ஒரு சாய்சதுரம், பரப்பு 600. மூலைவிட்டங்கள் 14, 48 என்றால் அதுவும் சாய்சதுரம், பரப்பு 336. மூலைகள் செங்கோணமாக நின்றால் சதுரம், பரப்பு 625. மூன்றுக்கும் ஒரே பக்கங்கள், ஒரே சுற்றளவு. பிரம்மகுப்தரின் பருமட்டான வழி மூன்றுக்கும் 625 என்கிறது. நுட்பமான வழியும் மூன்றுக்கும் 625 என்றே சொல்கிறது. ஏனெனில் இவற்றில் வட்டத்தின்மேல் அமர்வது சதுரம் ஒன்றுதான். 336 இருக்கும் இடத்தில் 625 என்று சொல்வது சிறுபிழை அல்ல.

பாஸ்கரரும் முழுவதும் வென்றுவிடவில்லை. அச்சூத்திரம் முக்கோணத்துக்குச் சரி, நாற்கரத்துக்குச் சரியல்ல என்று அவர் நிறுத்திக்கொண்டார். எந்த நாற்கரத்துக்கு அது சரி என்பதை அவர் காணவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பிற்காலத்தவர்கள். 1356-இல் கணித கௌமுதி எழுதிய நாராயண பண்டிதரும், பதினைந்தாம் நூற்றாண்டுக் கேரளத்தின் பரமேசுவரரும் வட்ட நாற்கரத்தை வட்ட நாற்கரமாகவே வைத்து ஆராய்ந்தனர். 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷையில் அச்சூத்திரத்துக்கான விளக்கம் படிப்படியாக வருகிறது. அந்நூல் சமஸ்கிருதச் செய்யுளில் இல்லை. மலையாள உரைநடையில் இருக்கிறது. சூத்திரம் மனப்பாடத்துக்கு ஏற்ற செய்யுளிலும், அதன் காரணம் பேசிப் புரியவைப்பதற்கு ஏற்ற உரைநடையிலும் எழுதப்பட்டன என்பதை மொழி படிப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

ஆக, நம்மிடம் இருப்பது ஒரு சூத்திரம் மட்டுமன்று. ஏறத்தாழ 900 ஆண்டுகள் நீண்ட ஒரு வாக்குவாதம். ஒருவர் சொன்னார், ஒருவர் மறுத்தார், மறுத்தவர் விட்டதை மூன்றாமவர் பிடித்தார். பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் பெருமைப்படுங்கள். வாக்குவாதத்தை வெட்டி எறிந்துவிட்டு முதல் வரியை மட்டும் சட்டம்போட்டு மாட்டுகிறவர்கள் மரபைக் காக்கவில்லை. மரபின் வாயை அடைக்கிறார்கள். பாஸ்கரர் இன்று அந்தப் பதிவின் கீழே கருத்து எழுதியிருந்தால் அவரையும் காலனிய அடிமை என்றே அழைத்திருப்பார்கள்.

"இருக்கட்டும், இது பண்டிதச் சண்டை, இதனால் யாருக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இனி.

அந்தப் 'பருமட்டான' வழி சுவடியோடு போய்விடவில்லை. இன்றும் நாட்டின் பல பகுதிகளில் மனை விற்கும்போதும் வயலைப் பங்கு பிரிக்கும்போதும் கையாளப்படுவது அதுதான். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டி ரெண்டால வகு, நீளத்தையும் அப்படியே பண்ணு, பெருக்கு, முடிஞ்சுது." பிரம்மகுப்தர் இட்ட 'ஸ்தூல' என்ற அடைமொழி மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மிஞ்சியது வெறும் 'பரப்பு'.

கணக்கைப் பாருங்கள். ஒரு மனையின் பக்கங்கள் சுற்றுவரிசையில் 25, 51, 48, 20 அடி. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரி: 25-உம் 48-உம் சேர்ந்து 36.5; 51-உம் 20-உம் சேர்ந்து 35.5. பெருக்கினால் 1295.75 சதுர அடி. இப்போது ஒரே ஒரு அளவை கூடுதலாக எடுங்கள். 25-அடிப் பக்கமும் 20-அடிப் பக்கமும் சந்திக்கும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நாடாவைப் பிடித்தால் 52 அடி என்று வைத்துக்கொள்வோம். மனை இரண்டு முக்கோணமாகிறது. 25, 51, 52 பக்கமுள்ள முக்கோணத்தின் பரப்பு 624. 20, 48, 52 பக்கமுள்ளது செங்கோண முக்கோணம். அதன் பரப்பு 480. கூட்டினால் 1104. வேறுபாடு ஏறத்தாழ 192 சதுர அடி. பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஒரு முழு அறை. சதுர அடி 2,000 ரூபாய் என்று விலை பேசியிருந்தால், இல்லாத அந்த அறைக்கு வாங்குபவர் 3,83,500 ரூபாய் கொடுக்கிறார்.

"சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும், மொத்தத்தில் சரியாகிவிடும்" என்பார்கள். இங்கேதான் என் கோபம் இருக்கிறது. ஆகாது. இந்த வழி ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. நிரூபணம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இரு பக்கங்கள் தெரிந்த முக்கோணத்தின் பரப்பு, அவற்றின் பெருக்கலில் பாதியைத் தாண்டாது. அவை செங்கோணத்தில் சந்தித்தால் மட்டுமே சரிபாதி. நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால், முதல் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் பெருக்கியதில் பாதி, மூன்றையும் நான்கையும் பெருக்கியதில் பாதி, இவ்விரண்டின் கூட்டலுக்கு மேல் பரப்பு போகாது. மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால், இரண்டையும் மூன்றையும், நான்கையும் ஒன்றையும் வைத்து அதே பேச்சு. இரண்டு வரம்புகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். கிடைப்பது எதிர்ப்பக்கச் சராசரிகளின் பெருக்கற்பலனேதான். ஆக, உண்மைப் பரப்பு அதற்குச் சமமாகவோ குறைவாகவோ மட்டுமே இருக்கமுடியும். சமமாவது நான்கு மூலையும் செங்கோணமாக உள்ள செவ்வகத்தில் மட்டுமே.

இதைப் பொருளாதார மொழியில் சொன்னால்: இந்தப் பிழை எப்போதும் விற்பவர் பக்கமே சாயும். நிலத்தின் அளவுக்கேற்ப வரியோ குத்தகையோ கொடுப்பவர் எப்போதும் தோற்பார். வாங்குபவர் எப்போதும் வெல்வார். அயினி அக்பரியில் அபுல் ஃபசல் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். நிலம் அளக்கச் சணல் கயிற்றைப் பயன்படுத்தினார்கள். காலைப் பனியில் அது நனைந்து சுருங்கும், அப்போது உழவனுக்கு நட்டம். பகலில் காய்ந்து நீளும், அப்போது அரசுக்கு நட்டம். ஆகவே அக்பர் ஆட்சியில் மூங்கில் துண்டுகளை இரும்பு வளையங்களால் இணைத்த அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். கவனியுங்கள்: நனைந்த கயிறுகூட இருபக்கமும் பிழை செய்தது. அதையே ஒரு பேரரசு பொறுத்துக்கொள்ளவில்லை. ஒரே பக்கம் சாயும் ஒரு சூத்திரத்தை நாம் இன்றுவரை பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

நில அளவைத் துறைக்கு இது தெரியாததன்று. சென்னை மாகாணக் காலத்திலிருந்தே புலப்பட நூலில் வயலை மூலைவிட்டங்களாலும் அவற்றிலிருந்து எடுத்த செங்குத்து அளவுகளாலும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்தே பரப்பைக் கண்டார்கள். அரசு அளக்கும்போது ஐந்தாவது அளவு இருக்கிறது. குடிமகன் குடிமகனுக்கு விற்கும்போது அது காணாமல் போகிறது. அறிவு நாட்டில் இல்லாமல் இல்லை. அலுவலகத்துக்குள் இருக்கிறது, வரப்பின்மேல் இல்லை. அறிவை அலுவலகத்திலிருந்து வரப்புக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் பள்ளிக்கூடம் என்று பெயர்.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? பரப்பு என்றால் நீளம் பெருக்கல் அகலம். சுற்றளவு என்றால் இரண்டு பெருக்கல், அடைப்புக்குள் நீளமும் அகலமும். செவ்வகம், சதுரம், மீண்டும் செவ்வகம். பிள்ளையின் மனத்தில் உலகம் முழுவதும் செங்கோணமாகிவிடுகிறது. வயல் அப்படி இல்லை. ஏரிக்கரை மனை அப்படி இல்லை. சுற்றளவு கூடினால் பரப்பும் கூடும் என்று பட்டதாரிகளும் நம்புகிறார்கள். ஒன்று வேலிக்கான கணக்கு, மற்றது விளைச்சலுக்கான கணக்கு, இரண்டும் தனித்தனியே நடக்கக்கூடியவை என்பதை யாரும் அவர்கள் கையில் நான்கு குச்சிகளைக் கொடுத்துக் காட்டவில்லை.

என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு நூலில் ஹெரான் சூத்திரம் என்ற பாடம் உண்டு. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பைக் காண்பது. அதன் அடுத்த பகுதி, நாற்கரத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கி அதே சூத்திரத்தால் பரப்பைக் காண்பது. மேலே நான் போட்ட மனைக் கணக்கு அதேதான். கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி நடந்த திருத்தத்தில், இந்த இரண்டாம் பகுதி நீக்கப்பட்டது. முக்கோணம் மிஞ்சியது, நாற்கரம் போயிற்று. முக்கோண வடிவில் மனை வாங்குகிறவர்கள் இந்நாட்டில் எத்தனை பேர்? ஒரு குடிமகன் தன் பணத்தைக் காத்துக்கொள்ளப் பயன்படும் சில பக்கங்களைச் சுமை என்று இறக்கிவைத்துவிட்டோம். பிரம்மகுப்தரைப் பாடநூல் மறைத்துவிட்டது என்று கொதிக்கும் நண்பர்கள், பாஸ்கரரின் கேள்விக்கு விடையாக அமைந்த பகுதி நீங்கியபோது எங்கே இருந்தார்கள்?

அடைமொழியின் ஆற்றலுக்கு இன்னொரு சான்று நகரத்திலிருந்து. அடுக்ககங்களை விற்பவர்கள் நெடுங்காலம் 'சூப்பர் பில்ட்அப் ஏரியா' என்ற சொல்லில் விற்றார்கள். படிக்கட்டு, மின்தூக்கி, நுழைவுக்கூடம் எல்லாவற்றிலும் ஒரு பங்கை உங்கள் வீட்டின் பரப்போடு சேர்த்துச் சொல்லும் சொல் அது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்பதற்குத் திட்டவட்டமான வரையறை தந்தது: புறச்சுவர், பொதுக்குழாய்த் தடங்கள், தனிப் பால்கனி, தனி மொட்டைமாடி நீங்கலாக, உட்சுவர்களைச் சேர்த்து, வீட்டினுள் பயன்படுத்தக்கூடிய தளப்பரப்பு. ஒரு சொல்லுக்கு வரையறை எழுத நாடாளுமன்றம் தேவைப்பட்டது. அடுக்ககம் வாங்குகிறவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, மூலை கோணலான மனையை வாங்குகிறவருக்கும் வயலைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிக்கும் எந்தச் சொல்லில் இருக்கிறது?

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று: "பெரும்பாலான மனைகள் ஏறத்தாழச் செவ்வகம்தான், பிழை சிறிது." செவ்வகத்துக்கு அருகில் பிழை சிறிது என்பது உண்மை. ஆனால் உங்கள் மனை செவ்வகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எதைக்கொண்டு அறிவீர்கள்? மூலைவிட்டத்தை அளந்துதானே? அளக்காமல் 'சிறிது' என்று சொல்வது நம்பிக்கை, கணக்கு அன்று. இரண்டு: "இப்போது டிரோன் வந்துவிட்டது, செயலி வந்துவிட்டது." 2020-இல் தொடங்கிய சுவாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை டிரோன் கொண்டு அளந்து சொத்து அட்டை தருகிறார்கள், நல்லதே. ஆனால் அட்டையில் அச்சான எண்ணைச் சரிபார்க்கத் தெரியாதவனுக்கு அட்டையும் கட்டளைதான். செயலியைப் பொறுத்தவரை ஒரே சோதனை போதும்: நான்கு பக்கங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, ஐந்தாவது அளவைக் கேட்காமல் பரப்பைச் சொல்கிறதா? சொன்னால் அது உங்கள் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. தனக்குப் பிடித்த ஒரு வடிவத்தைப் பற்றிப் பேசுகிறது. பாஸ்கரர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் மேலிருந்து சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்கு வெளியே என் சித்தப்பா ஒரு மனை வாங்கினார். தரகர் ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் நான்கு எண்களை எழுதி, சராசரி எடுத்து, பெருக்கி, அடிக்கோடிட்டுக் காட்டினார். "நீதான் படிச்சவன், பாத்துச் சொல்லுடா" என்று சித்தப்பா என்னிடம் அந்த அட்டையை நீட்டினார். நான் பெருக்கலைச் சரிபார்த்தேன். "சரியா இருக்கு சித்தப்பா" என்றேன். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. மனை வடக்குப் பக்கம் குறுகிச் சாய்ந்திருந்தது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. நாடா தரகரின் கையிலேயே இருந்தது. குறுக்கே ஒருமுறை பிடியுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்னர் வீடு கட்ட வரைபடம் போட்டபோதுதான் குறைவு தெரிந்தது. சித்தப்பா இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை. முதுகலைப் பட்டம் பெற்றிருந்த எனக்கு அன்று இல்லாமல்போனது ஒன்பதாம் வகுப்பின் சில பக்கங்கள்.

ஆகவே பெருமிதப் பதிவைப் பகிரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகிருங்கள், கூடவே 'ஸ்தூல', 'சூக்ஷ்ம' என்ற இரு அடைமொழிகளையும் பகிருங்கள், பாஸ்கரரின் வசையையும் சேர்த்துப் பகிருங்கள். எள்ளி நகைக்கும் நண்பர்களுக்கும் ஒன்று: 1150-இல் ஒருவர் கேட்ட கேள்வியை இன்றைய பத்திரப் பதிவில் கேட்கத் துணியாத நாம், அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி உடையவர்கள் அல்லர். ஆசிரிய நண்பர்களுக்கு: பாடநூலில் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு வகுப்பு நேரத்தில் பிள்ளைகளிடம் நான்கு தென்னங்குச்சிகளையும் நூலையும் கொடுத்துச் சட்டம் கட்டி அழுத்தச் சொல்லுங்கள். சுற்றளவு அப்படியே இருக்க, பரப்பு சுருங்குவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

நிலம் வாங்கப்போகும் யாவருக்கும்: தரகர் நான்கு எண்களை எழுதி முடித்ததும் நாடாவை வாங்கி மூலைக்கு மூலை பிடியுங்கள். அந்த ஐந்தாவது எண்ணை அதே தாளில், அவர் கண்முன்னே எழுதுங்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.